நாற்பது மேரிகள்

அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக ஜனங்கள் பிழைக்க வந்த காலம். ஆற்றங்கரையில் புதிதாக முளைத்த நெசவு மில்லில் பிரிங்கிள் என்றொரு மேஸ்திரி இருந்தான். அங்கே தறி ஓட்டிய நாற்பது அயல்நாட்டுப் பெண்களின் பெயர்கள் அவன் வாயில் நுழையவில்லை.

"இனி நாற்பது பேருக்கும் மேரிதான் பெயர். கூப்பிட்டதும் தறியை நிறுத்திவிட்டு ஓடி வரணும். வராதவளுக்கு வேலை கிடையாது" என்று சட்டம் போட்டான்.

போலந்துக்காரி யாத்விகா தலையாட்டினாள். கப்பலேறிய அன்று துறைமுகத்தில் அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டதோடு சரி, ஐந்து வருஷமாக அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் மற்றவர்கள் காதில் ஏதோ ஓதிவைத்தாள்.

மறுவாரம் முதலாளி வந்தார். ஒரு துணியைத் தடவிப் பார்த்து, "அருமை. நெய்தவளைக் கூப்பிடு" என்றார்.

"மேரி" என்று அதட்டினான் பிரிங்கிள்.

நாற்பது தறியும் நின்றன. நாற்பது பெண்களும் ஓடிவந்து கைகட்டி நின்றார்கள்.

"என்னய்யா கூத்து இது?"

"மேஸ்திரி வைத்த பெயர், மேஸ்திரி போட்ட சட்டம் ஐயா" என்றாள் யாத்விகா.

முதலாளி முறைத்தார். பிரிங்கிள் பதறிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டி, அந்தத் துணியை நெய்தவள் பெயரை எழுத்துக் கூட்டினான். "ஜாத்விகா."

"அப்படி யாரும் இங்கே இல்லையே ஐயா. 'ஜா' இல்லை, 'யா'."

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "யாத்... யாத்விகா."

நூல் அறுந்தால்கூடக் கேட்கும், கூடம் அவ்வளவு நிசப்தமாக இருந்தது. யாத்விகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"காதில் விழவில்லை ஐயா. இன்னொரு தரம் கூப்பிடுங்கள்."