நான்கு யானை ஆழக் குளம்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. அது குழி தோண்டாது, கூடு கட்டாது. ஆனால் அந்தக் காட்டில் எதைத் தோண்டுவது, எதைக் கட்டுவது, எதை முதலில் செய்வது என்று சொல்கிற வேலை அதனுடையது. அப்படியும் ஒரு வேலை உண்டா என்று சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. உண்டு. வளர்ந்ததும் பார்ப்பீர்கள்.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு புலி. "புலி மானைத் தின்னாதா?" என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. தின்னும். அது வேறு கதை. இந்தக் கதையில் மான்குட்டியைக் கொன்றது புலி இல்லை.

கோடை வந்தால் அந்தக் காட்டில் ஓடை வற்றிவிடும். விலங்குகள் மலையைச் சுற்றிக்கொண்டு தூரத்து மடுவுக்குப் போக வேண்டும். மடுவில் ஒரு முதலை இருந்தது. நூறு பேர் தண்ணீர் குடிக்கப் போனால் தொண்ணூற்றொன்பது பேர்தான் திரும்பி வருவார்கள்.

ஒரு கோடையில் புலி சபையைக் கூட்டியது.

"நம் காட்டுக்குள்ளேயே ஒரு குளம் வெட்டுவோம். மழைக்கு முன் முடிய வேண்டும். எப்படிப்பட்ட குளம் வேண்டும் என்று கீரி எல்லாரிடமும் கேட்டு வரட்டும். நல்லபடியாக முடித்தால் இந்தப் பாறையில் அதற்கும் ஓர் இடம் உண்டு" என்றது.

பாறையில் இடம் என்றால் சும்மா இல்லை. அந்தப் பாறையின் அடியில் ஒரு சுனை இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாது. பாறையில் அமர்பவர்கள் மட்டுமே அதில் குடிக்கலாம். அதுவரை இரண்டு பேர்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று புலி. மற்றொன்று அதன் ஆலோசகர் நரி.

கீரி அன்றே கிளம்பியது. முதலில் அது நல்ல கீரியாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. வெயிலில் புதர் புதராக ஏறி இறங்கி எல்லாரையும் கேட்டது.

வயிற்றில் குட்டியோடு இருந்த புள்ளிமான் சொன்னது: "ஆழம் எல்லாம் எனக்குத் தெரியாது, கீரியண்ணா. கோடையில் தண்ணீர் கீழே போய்விடும், பார். அப்போதும் என் குட்டி கால் வழுக்காமல் இறங்கி ஏற ஒரு சரிவு வேண்டும். அது போதும்."

முயலும் சரிவுதான் கேட்டது. முள்ளம்பன்றியும் அதையே கேட்டது. ஆமை பாதி தூரம் கூடவே வந்து, "சரிவு, தம்பி, சரிவு. மறந்துவிடாதே" என்றது.

இதுவரை அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால் கீரியை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

குளம் வெட்டுவது காட்டுப்பன்றிகளின் வேலை. கீரி போய் விவரம் சொன்னதும் கிழட்டுப் பன்றி மூக்கை உறிஞ்சியது.

"நீ தோண்டவும் போவதில்லை, பாறையில் இடம் கிடைத்தால் அதில் குடிக்கவும் போவதில்லை. உனக்கு என்னதான் வேலை, தம்பி?"

"நீங்கள் வீணாகத் தோண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, அண்ணா" என்றது கீரி.

பன்றிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "சரி, மூன்று யானை ஆழம், ஒரு பக்கம் சரிவு. மழைக்குள் முடித்துவிடலாம்" என்று வேலையைத் தொடங்கிவிட்டது.

பத்து நாள் ஆயிற்று. நரி புலியிடம் போய் மெல்லத் தொடங்கியது.

"அரசே, பக்கத்துக் காட்டுச் சிங்கத்தின் குளமும் மூன்று யானை ஆழம்தானாம்."

"அப்படியா?" என்று புலி எழுந்து உட்கார்ந்தது.

"நம்முடையது நான்கு யானை ஆழம் என்றால் பேச்சே வேறு. நான்கு யானை ஆழக் குளம் எங்கே இருக்கிறது என்று நாடே கேட்கும்."

"நான்கு யானை!" என்றது புலி. அதற்குப் பிறகு வேறு எதுவும் அதன் காதில் ஏறவில்லை.

செய்தி கேட்ட கிழட்டுப் பன்றி கீரியைப் பார்த்துத் தலையை ஆட்டியது. "நாங்கள் முப்பது பேர்தான். நான்கு யானை ஆழமும் வேண்டும், சரிவும் வேண்டும், மழைக்கு முன்னும் முடிய வேண்டும் என்றால் நடக்காது. ஒன்றை விடு."

கீரி நரியைத் தேடி ஓடியது. "நரியாரே, இது தகாது. எல்லாரும் கேட்டது சரிவு. ஆழத்தை ஒருவரும் கேட்கவில்லை."

"ஆழத்தை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் ஒருவர் கேட்டார். அவர்தான் பாறையில் இடம் கொடுப்பவர்" என்று நரி சிரித்தது. பிறகு தோழமையாகப் பக்கத்தில் வந்தது. "சரிவு வேண்டாம் என்று யார் சொன்னது, தம்பி? முதலில் குளம் திறக்கட்டும். சரிவை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் தண்ணீர் கரை வரைக்கும் நிற்கும். யாருக்கு வேண்டும் சரிவு? நாவை நீட்டினால் தண்ணீர்."

கீரி அன்று முழுதும் மதில்மேல் பூனையாக இருந்தது. சாயங்காலம் சுனைப் பக்கமாக நடந்துபோனது. தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. மறுநாள் காலையில் பன்றிகளிடம் போய், "சரிவு பிறகு. இப்போது ஆழம்" என்றது.

மானிடம், "சரிவு வருகிறது. கொஞ்சம் பொறு" என்றது.

மழைக்கு முந்தின நாள் குளம் முடிந்தது. மழை கொட்டி, ஒரே வாரத்தில் கரை தளும்பிற்று. மயில் ஆடியது. எல்லாரும் நாவை நீட்டிக் குடித்தார்கள். ஒரு குறையும் தெரியவில்லை.

"இந்தக் குளம் எவ்வளவு நல்ல குளம் என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டது புலி. அது குளத்தின் பக்கமே போவதில்லை. அதற்குத்தான் சுனை இருக்கிறதே!

"கரையில் பதிகிற காலடிகளைத் தினமும் எண்ணச் சொல்வோம், அரசே. காலடி கூடினால் குளம் நல்ல குளம்" என்றது நரி.

எண்ணுகிற வேலை அணிலுக்குப் போயிற்று. அணில் கணக்கில் கெட்டி. ஒரு காலடியைக்கூட விடாது. முதல் நாள் இருநூறு என்று வந்து சொன்னது. மழைக்காலம் முழுதும் இருநூறு, இருநூற்றுப் பத்து என்றுதான் இருந்தது.

கோடை வந்தது. ஐந்நூறு ஆயிற்று. பிறகு எழுநூறு. சித்திரை வெயிலில் ஒரு நாள் தொள்ளாயிரம்.

"தொள்ளாயிரமா!" என்று புலி துள்ளியது. அந்தச் செய்தி பக்கத்துக் காட்டுக்கும் பரவிற்று. அங்கிருந்த சிங்கம், 'உம்மைப் போன்ற ஆலோசகர்தான் எனக்கு வேண்டும்' என்று நரிக்கு ஆள் அனுப்பியது.

தொள்ளாயிரம் என்ற எண் கீரிக்கு மட்டும் உறுத்தியது. தாகம் ஒரே கோடையில் நான்கு மடங்குக்கு மேல் பெருகுமா? அது குளத்துக்குப் போய்ப் பார்த்தது.

தண்ணீர் அடியில் கிடந்தது. கரை நாலாபுறமும் சுவர் போல நின்றது. காலடிகள் குளத்தைச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. ஒன்றுகூடத் தண்ணீருக்குள் இறங்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், இறங்க வழி தேடி எல்லாரும் நாள் முழுக்க அந்தக் கரையைச் சுற்றியிருக்கிறார்கள். மானும் அதன் சின்னக் குட்டியும் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தன.

"அணிலே, காலடி எந்தப் பக்கம் போகிறது என்று நீ பார்க்கவில்லையா?" என்று கீரி கேட்டது.

"எண்ணச் சொன்னார்கள், எண்ணுகிறேன்" என்றது அணில்.

மான் கிட்டே வந்தது. அதன் நாக்கு வறண்டிருந்தது. "அண்ணா, சரிவு எப்போது வரும்?"

"அடுத்த மழைக்குள் வந்துவிடும்."

"அதுவரைக்கும் குட்டி தாங்காது, அண்ணா. மடு வரைக்கும் நடக்கவும் அதற்குத் தெம்பில்லை."

கீரிக்கு நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது. "நாளைக் காலை சபை கூடுகிறது. அரசரிடம் நானே சொல்கிறேன். இது சத்தியம்" என்றது.

மறுநாள் சபை கூடியது. நரிக்கு அன்று வழியனுப்பு விழா. "என் இடத்துக்குக் கீரியைவிடத் தகுந்தவர் இல்லை" என்று நரி சொன்னது. புலி கீரியைப் பார்த்தது.

"கீரியே, இன்று முதல் பாறையில் உனக்கு இடம். குளத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

கீரி வாயைத் திறந்தது. பாறையைப் பார்த்தது. நரியைப் பார்த்தது. நரி லேசாகக் கண்ணடித்தது.

"எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, அரசே" என்றது கீரி.

அவ்வளவுதான் சொன்னது. பிறகு பாறையில் ஏறி அமர்ந்தது. முதல் முறையாகச் சுனையில் வாய் வைத்தது. அப்போது ஒரு பன்றி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"மான்குட்டி குளத்தில் விழுந்துவிட்டது! ஏற முடியவில்லை!"

கீரி ஓடியது. கிழட்டுப் பன்றி யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. முப்பது பன்றிகளும் வெறி பிடித்தவை போலக் கரையைக் கிளறின. சாயங்காலத்துக்குள் சரிவு தயாராகிவிட்டது. அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்த சரிவு ஒரே பகலில் முடிந்தது. குட்டியை அதன் வழியாகத்தான் மேலே கொண்டுவந்தார்கள். ஆனால் குட்டி நடந்து வரவில்லை.

கீரி அந்தக் கரையில் நின்று அழுதது. அந்த அழுகை பொய் இல்லை, பிள்ளைகளே. அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அன்றைய காலடி ஆயிரத்து இருநூறு. தாய் மான் குட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிய காலடிகள், பன்றிகள் அலைந்த காலடிகள் எல்லாம் சேர்த்துத்தான். "சபாஷ்!" என்றது புலி.

அதற்குப் பிறகு எல்லாரும் சரிவில் இறங்கினார்கள், குடித்தார்கள், ஏறிப் போனார்கள். யாரும் சுற்றவில்லை. யாரும் மடுவுக்குப் போகவில்லை. அணில் வந்து, "இருநூறு" என்றது. அடுத்த நாளும் இருநூறுதான். ஒரு வாரம் அப்படியே போயிற்று.

புலி உறுமியது. "ஆயிரத்து இருநூறு இருந்தது இருநூறு ஆகிவிட்டதே! நரி போனதும் குளம் கெட்டுப்போயிற்றா? என்ன செய்தாய், கீரி?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'அரசே, அந்த ஆயிரத்து இருநூறு தாகத்தின் கணக்கு. இந்த இருநூறுதான் தண்ணீரின் கணக்கு' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்படிச் சொன்னால், 'பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?' என்று புலி கேட்கும்.

"நான் ஒன்றும் செய்யவில்லை, அரசே. பன்றிகள் உத்தரவில்லாமல் கரையை வெட்டிச் சரிவு வைத்துவிட்டன. அன்று தொடங்கித்தான் எண்ணிக்கை விழுந்தது" என்றது கீரி.

"அப்படியானால் அதை மூடச் சொல்!"

"உத்தரவு, அரசே" என்றது கீரி.

பன்றிகளுக்கு ஆணை போயிற்று. அவை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மண்ணைத் தள்ளத் தொடங்கின. மான் கூட்டம் வந்து நின்று பார்த்தது. குட்டியை இழந்த மான் முன்னால் வந்தது.

"யார் மூடச் சொன்னது?"

"கீரி" என்றது கிழட்டுப் பன்றி.

"குட்டி செத்த அன்று இங்கே நின்று அழுததே, அந்தக் கீரியா?"

"அதே கீரிதான்."

மான் குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. பிறகு தன் கூட்டத்தைப் பார்த்து, "வாருங்கள், மடுவுக்கே போவோம்" என்றது.

"அங்கே முதலை இருக்கிறதே!" என்று ஓர் இளமான் நடுங்கியது.

"இருக்கட்டும். முதலை என்னிடம் வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. நானும் அதை நம்பிக் குட்டியைக் கூட்டிப் போனதில்லை."

மான்கள் போயின. முயல்களும் முள்ளம்பன்றியும் பின்னால் போயின. எல்லாருக்கும் கடைசியில் ஆமை போயிற்று.

இதெல்லாம் கீரிக்குத் தெரிய வந்தபோது அது பயணத்துக்குத் தயாராக இருந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து நரி ஆள் அனுப்பியிருந்தது. அங்கே ஐந்து யானை ஆழத்துக்குக் குளம் வெட்டப் போகிறார்களாம். எல்லாரிடமும் போய் அன்பாக விசாரித்து வர, குளம் வெட்டிப் பழகிய ஒருவர் தேவையாம். கீரி அன்று காலையே கிளம்பிவிட்டது.

நீதி: குறையைக் கேட்டறிந்தும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாதவன், கேட்கவே கேட்காதவனைவிடக் கொடியவன்.