காலி நாற்காலி

தயாளன் முப்பது வருடமாகத் திரைப்பட இசைக்குழுக்களில் வயோலா வாசித்தவர். வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரியது; குரலும் தாழ்ந்தது. மேலே வயலின்கள், கீழே செல்லோக்கள். இரண்டையும் கேட்டு இடையில் பொருந்திக்கொள்வதே அவர் வேலை. அவர் வாசித்ததைத் தனியாகக் கேட்டவர் யாருமில்லை.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஹங்கேரி இசையமைப்பாளர் ஒருவர் தம் கடைசி ஆண்டுகளில் எழுதியவற்றைச் சென்னையில் பதிவு செய்தார்கள். குழுவாக வாசிப்பவை முடிந்துவிட்டன. வயோலா முன்னின்று வாசிக்கும் ஒன்றுதான் பாக்கி.

குழுவை நடத்தியவர் ஜெசிந்தா டீச்சர். தயாளனுக்கு ஸ்வரத் தாள் வாசிக்கக் கற்றுத் தந்தவர்.

மூன்று முறை வாசித்தார்கள். மூன்றும் சரியில்லை.

"ஒவ்வொரு தடவையும் நீளுது, மேடம்" என்றார் ஒலிப்பதிவாளர். "ஏழரை நிமிஷம் எட்டரை ஆயிடுச்சு. ஆறு மணிக்குக் கூடத்தைக் காலி பண்ணணும்."

நாளை குழு வேறு படத்துக்குப் போய்விடும். இன்று முடியாவிட்டால் இசைத்தட்டு வயோலா இல்லாமலே வெளிவரும்.

செல்லோ வாசிக்கும் பர்னபாஸ் சிரித்தார். "யோவ் தயாளா, பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கவும் இப்படித்தான் பொறுமையா நிப்பியா?"

டீச்சர் கேட்டார்: "யாருக்காகக் காத்திருக்கீங்க, தயாளன்?"

"எல்லாரும் வரட்டும்னு, டீச்சர். அவங்களைக் கேட்டுட்டு வாசிச்சுத்தான் பழக்கம்."

"அவங்க உங்களைக் கேட்டுட்டு வாசிக்கிறாங்க."

தயாளன் தலையைக் குனிந்துகொண்டார். இவர் அவர்களுக்காகத் தயங்க, அவர்கள் இவருக்காகத் தயங்க, இசை நடுவில் இழுபட்டிருக்கிறது.

"முந்திக்கிட்டா கர்வம்னு நினைக்க மாட்டாங்களா?"

டீச்சர் தயாளனின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். இப்போது குழு அவர் முதுகுக்குப் பின்னால். பிறகு டீச்சர் மேடையிலிருந்து இறங்கி, வயோலா வரிசையில் தயாளன் எப்போதும் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பதிவு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

தயாளன் எதிரே வெறும் சுவர். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அரை நிமிடம் போயிற்று. யாரோ தொடங்குவார்கள் என்று அவர் காது தேடியது. யாரும் தொடங்கவில்லை. நாற்பது பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கிறார்கள் என்பது அவருக்கு மெல்ல விளங்கியது.

அவர் வாசித்தார்.

அதன் பிறகே டீச்சரின் கை உயர்ந்தது. நாற்பது வில்களும் அவர் பின்னால் வந்தன. ஒருமுறைகூட அவர் நிற்கவில்லை.

விளக்கு அணைந்ததும் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். "ஏழரை. சரியா ஏழரை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறையில் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். குழு முழுவதும் வாசலில் நெருக்கியடித்து நின்றது. தன் வயோலாவைத் தயாளன் முதல் தடவையாகத் தனியாகக் கேட்டார். முடியும்வரை அவர் நிமிரவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"கொஞ்சம் கர்வமா இருக்கு. தப்பா?"

"கொஞ்சமா?" என்றார் டீச்சர். "வாசல்ல பாருங்க, நாற்பது பேர் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க மட்டும் ஏன் கஞ்சத்தனம் பண்றீங்க?"