மாற்றியவர் பெயர்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் மங்கையர்க்கரசி அம்மையாரிடம் சிற்றம்பலம் சீடராக வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அம்மையாருக்கு நாற்பதுதான். அம்மையாரின் பேச்சுகளைத் தட்டச்சு செய்து நூலாக்கும் பொறுப்பு சிற்றம்பலத்துடையது.

நூல் அச்சுக்குப் போக வேண்டிய வாரத்தில் அவருக்குத் தலை சுற்றியது. மடிக்கணினியில் அந்த ஒரு நூலுக்கு நாற்பத்தோரு கோப்புகள் கிடந்தன. ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘திருத்திய இறுதி’, ‘இதுதான் இறுதி’. எதில் என்ன இருக்கிறது என்று பெயர் வைத்தவருக்கே தெரியவில்லை.

திருநெல்வேலியில் மென்பொருள் வேலை பார்க்கும் குற்றாலிங்கம் என்ற அன்பர் தொலைபேசியில் வழி சொன்னார்.

“கிட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது ஐயா. அதை நிறுவிக்கொள்ளுங்கள். ஒரே கோப்பு போதும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும்.”

நிறுவத் தொடங்கியதும் அது கேள்விமேல் கேள்வி கேட்டது. வரி எப்படி முடிய வேண்டும் என்றது. முதல் கிளைக்கு என்ன பெயர் என்றது. சிற்றம்பலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனார். கடைசியில் ஒரு கறுப்புச் சன்னல் திறந்தது. குற்றாலிங்கம் சொன்ன கட்டளைகளை அதில் ஒவ்வொன்றாகத் தட்டினார். கோப்பைச் சேமிக்கச் சொன்னபோது அது மறுத்துவிட்டது.

‘நீங்கள் யார் என்று தயவுசெய்து சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது.

சிற்றம்பலம் எழுந்து அம்மையாரைத் தேடிப் போனார். அம்மையார் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நான் யார் என்று கணினி கேட்கிறது.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூன்று வருடமாக நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள்.”

அம்மையார் சிரித்துவிட்டார். “நான் கேட்பது வேறு ஐயா. அதற்குப் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும்.”

சிற்றம்பலம் நகரவில்லை.

“இன்னும் என்ன?”

“இனி ஒவ்வொரு மாற்றத்தோடும் என் பெயர் நிற்குமாம்.”

“நிற்கட்டுமே. அப்படி எதை மாற்றினீர்கள்?”

சிற்றம்பலம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “போன ஆவணியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் வந்தாள். என் மகன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். நீங்கள், தெரியாது தாயே என்றீர்கள்.”

“ஆமாம்.”

“நூலில் அப்படி இல்லை. இறைவன் திருவடியில் இருக்கிறான் என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறேன்.”

அம்மையார் துடைப்பத்தை வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். கோபமா என்று சிற்றம்பலத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நான் சொன்னது எந்தக் கோப்பில் இருக்கிறது?”

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. இருவரும் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். பதினேழாவது கோப்பில் அந்த வரி இருந்தது.

“என் புத்தி கெட்டுவிட்டது அம்மா. இதை வைத்துக்கொண்டு மற்ற நாற்பதையும் அழித்துவிடுகிறேன்.”

“வேண்டாம். முதலில் நான் சொன்னதைச் சேமியுங்கள். அதன்மேல் நீங்கள் மாற்றியதைச் சேமியுங்கள். பிறகு அச்சுக்கு எது போவது என்று பார்க்கலாம்.”

சிற்றம்பலத்துக்குப் புரியவில்லை. பிழையை எதற்குச் சேமிக்க வேண்டும்? ஆனாலும் பெயரைக் கொடுத்தார். ‘அம்மா சொன்னபடி’ என்று குறிப்பு போட்டதும் முதல் சேமிப்பு முடிந்தது. இரண்டாவதற்கு அது மறுபடி நின்றது.

“இந்த மாற்றத்துக்கும் குறிப்பு கேட்கிறது அம்மா. ‘மொழிநடைத் திருத்தம்’ என்று போடட்டுமா?”

“மொழிநடைக்காகத்தான் மாற்றினீர்களா?”

“இல்லை. அந்த அம்மாளுக்கு ஆறுதலாக...”

“தெரியாது என்று நான் சொன்ன பிறகு அவள் என்ன செய்தாள்?”

“உங்கள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.”

“உங்கள் பதிலைச் சொல்லியிருந்தால்?”

“கும்பிட்டுவிட்டுப் பேருந்துக்குப் போயிருப்பாள்.”

சன்னலில் குறிப்புக்கான இடம் வெறுமையாக இருந்தது.

“அப்படியானால் யாருக்காக மாற்றினீர்கள் ஐயா?”

அவர் குரல் இறங்கிவிட்டது. “உங்களுக்கே தெரியாது என்றால், வீடுவாசலை விட்டுவிட்டு நான் எதை நம்பி இங்கே வந்தேன் என்று பயந்துவிட்டேன் அம்மா.”

அம்மையார் கணினியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அதை எழுதுங்கள்.”