கரண்டிவாயன் பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நிற்காமல் சமைத்தும் தின்றன. ஏரி முழுவதற்கும் ஒரே பானை. அதில் நாள் தவறாமல் மீன்குழம்பு வைத்தவள் வெள்ளாத்தா. வெள்ளை வெளேரென்ற இறகு, கொக்குக்கு இருப்பதுபோல் கூரான அலகு, அக்கரைக்கும் கேட்கும் குரல்.

அந்த ஏரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பானை கொதிக்கும்போதே, சமைத்தவள் எல்லோர் முன்னாலும் குழம்பைக் குடித்துப் பார்த்து, "உப்பு சரி, புளி சரி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பந்தி. வெள்ளாத்தாவுக்கு நேற்றைய கொப்புளம் ஆறுவதற்குள் இன்றைய குழம்பு கொதித்துவிடும். கொஞ்ச நாளாக உப்புக்கும் புளிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இப்படியே போனால் நாக்கே மிஞ்சாது என்று அவளுக்குப் புரிந்தது.

"கொஞ்சம் ஆறட்டும் பெரியப்பா, அப்புறம் ருசி பார்க்கிறேன்" என்று ஏரிக்குப் பெரியவரான கூழைக்கடாவிடம் கேட்டாள்.

"ஆறிப்போன குழம்பை யாரு திங்கிறது? எங்கப்பன் காலத்துல இருந்து இப்படித்தான்."

"உங்கப்பன் காலத்துல ருசி பார்த்தது உங்கப்பனா?"

கூழைக்கடா காதில் விழாததுபோல் இறகைக் கோதிக்கொண்டார்.

அவளுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மூங்கிலைப் பிளந்து இரண்டு பட்டைகள் எடுத்தாள். நுனிகளைத் தட்டி அகலமாக்கி, லேசாகக் குழித்தாள். அலகின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அரக்கு வைத்து ஒட்டிக்கொண்டாள். வாயை மூடினால் இரண்டு கரண்டிகளும் ஒன்றோடொன்று பொருந்தும். நடுவில் ஒரு வாய்க் குழம்பு நிற்கும். அப்படியே ஏரித் தண்ணீரில் இறக்கி, இடமும் வலமும் நாலு தரம் வீசினால் சூடு போய்விடும்.

முதல் நாள் வீசிவிட்டு விழுங்கினாள். சுடவில்லை.

"உப்பு கம்மி" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் நாக்கு உண்மை சொன்னது.

நீர்க்காகம் சிரித்தது. "என்னக்கா, மூஞ்சியில துடுப்பு கட்டியிருக்க? எந்த ஊருக்குப் படகு?"

"நீ ஒரு நாள் ருசி பாருடா, அப்புறம் சிரி."

கூழைக்கடா சிரிக்கவில்லை. "தண்ணியில அலசிக் குடிச்சா அது ருசி பார்த்த கணக்கா? எங்க கண்ணு முன்னாடி, கொதிக்கக் கொதிக்கக் குடி புள்ள. இல்லாட்டி இன்னிக்குப் பந்தி கிடையாது."

"நாக்கு என்னோடது பெரியப்பா."

"குழம்பு ஊரோடது."

வெள்ளாத்தா சுற்றிலும் பார்த்தாள். நாரைகளும் கொக்குகளும் பசியோடு வரிசையில் நின்றன. அவளுக்காக ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. சொல்ல அவளிடம் இன்னும் ஒன்பது நியாயங்கள் இருந்தன. தெம்புதான் இல்லை. பானைக்குள் அலகை முழுதாக இறக்கி, கொள்ளுமட்டும் அள்ளி, அப்படியே விழுங்கினாள்.

நாக்கு கருகிக் கடுகளவாகச் சுருங்கியது. அரக்கு உருகி வழிந்து, பிறகு ஆறி, கரண்டிகள் அலகோடு அலகாக இறுகிக்கொண்டன.

"என்ன, உப்பு சரியா?"

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"சொல்லேன் புள்ள!"

அவள் திரும்பி, மெல்ல நடந்து, தண்ணீருக்குள் இறங்கினாள்.

யாராவது சொல்லாமல் பந்தி ஏது? "வேற யாராச்சும் ருசி பாருங்கப்பா" என்றார் கூழைக்கடா. நீர்க்காகம் சட்டென்று முங்கிக்கொண்டது. நாரை ஒற்றைக்காலில் நின்று தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டது. அவரோ தன் நாக்கைப் பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொண்டார். அத்தனை பேர் கண்முன்னால் குழம்பு ஆறிப்போனது. யாரும் தொடவில்லை.

அன்று முதல்தான் ஏரிப் பறவைகள் தனித்தனியாகப் பச்சைமீன் தின்கின்றன. கூழைக்கடாவும் கிடைக்காத குழம்புக்காகத் தாடையில் பையைத் தொங்கவிட்டுத் திரிகிறது. அன்று முதல்தான் வெள்ளாத்தாவின் வம்சமான கரண்டிவாயன், சுடாத தண்ணீரைக்கூட இடமும் வலமும் வீசி ஆற்றிக்கொண்டே இரை தேடுகிறது. ருசி எப்படி என்று யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை.