பின்டயர் சொன்ன பதில்

தென்காசியில் குற்றாலலிங்கம் என்று ஒரு தாசில்தார் இருந்தார். வேலையிலிருந்து ஓய்ந்தவர், அதட்டலிலிருந்து ஓயவில்லை.

அவருடைய ஸ்கூட்டரின் பின்டயரில் எப்போதும் காற்று குறைவுதான். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி கோமதிக்கு இடுப்பு விட்டுப்போகும். அன்று அந்த வலிக்கு வைத்தியரைப் பார்க்கப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் நின்றார்கள்.

"அண்ணாச்சி, காத்து ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?" என்று கேட்டாள் காற்றடிக்கும் பெண்.

"ஒரு ஆளுக்கு," என்றார் வழக்கம்போல.

"அப்ப நான்?" என்றாள் கோமதி.

"நீ ஒரு கனமா? நீ ஏறினது டயருக்குத் தெரியவா போகுது? தெரிஞ்சா அதையே சொல்லச் சொல்லு, கேக்கேன்."

"சொல்லும். நீங்க கொஞ்சம் குனியணும்."

காற்றடிக்கும் பெண் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவர் குனிந்தார். கோமதி ஏறினாள். டயர் தரையோடு பிதுங்கியது. இறங்கினாள். மூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி பிதுங்கியது.

"நான் இருக்கேன்னு அதுக்குத் தெரியுது, பாத்தீங்களா," என்றாள்.

அவர் நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது. "ரெண்டு ஆளுக்கே அடிம்மா," என்றார், தணிந்த குரலில்.

கிளம்பும்போது, வாழ்நாளில் கேட்டிராத ஒன்றைத் திரும்பாமலே கேட்டார். "உக்காந்துட்டியா?"

கோமதி அப்போதே உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும், "இன்னும் இல்ல," என்றாள், அவர் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.