பதினோரு நிமிடச் சாலை

வேதரத்தினம் மாநகராட்சியின் தலைமைத் திட்டப் பொறியாளர். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். அவருடைய குரு பூங்கோதையம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இரண்டறை மடத்தில் இருந்தார்.

ஒருநாள் மதியம் சீடர் வரைபடத்தோடு வந்தார். மறுநாள் மன்றத்தில் வைக்கவேண்டிய போக்குவரத்துத் திட்டம். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஆலைகள், அந்தப் பக்கம் வீடுகள். சுரங்கப்பாதையை அகலமாக்கி ஒரே சாலை. வீட்டிலிருந்து ஆலைக்குப் பதினோரே நிமிடம். அதற்கு இடம் வேண்டி, ரயில் பாதைக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தை இடிக்கவேண்டும். அந்தப் பாலத்தடியில் கிளம்பும் மேட்டுத்தெரு பேருந்தையும் நிறுத்திவிடலாம்.

"இதுல ஏதாவது குறை இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்ற பதிலுக்காகத்தான் கேட்டார்.

அம்மை வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

சாப்பிடும்போதே மழை பிடித்துக்கொண்டது. நாலரை மணிக்கு அவருடைய கார் ஓட்டுநர் நனைந்தபடி உள்ளே வந்தார். சுரங்கப்பாதையில் கழுத்தளவு தண்ணீர், அடைத்துவிட்டார்கள், கார் போகாது என்றார்.

வேதரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவிக்கு முந்தாநாள்தான் கண் அறுவைச் சிகிச்சை. வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆறு மணிக்கு அவர்தான் சொட்டு மருந்து விடவேண்டும். தெரிந்த வழிகளையெல்லாம் யோசித்துப் பார்த்தார். எல்லாம் அந்தச் சுரங்கப்பாதையில்தான் போய் நின்றன.

அம்மை குடையை எடுத்துக்கொண்டு, கூட வரச் சொன்னார்.

நடைமேம்பாலத்தில் ஆலை விட்ட கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். ஒருத்தி திரும்பி அவருக்குக் கை கொடுத்தாள்.

"பாத்து வாங்க சார். அடுத்த படி உடைஞ்சிருக்கு."

அந்தப் பாலத்தைக் காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்த பெரிய மனுஷர் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். வெட்கமாக இருந்தது.

மறுபக்கம் இறங்கியதும் மேட்டுத்தெரு பேருந்து நின்றிருந்தது. ஏறினால் ஆறு மணிக்குள் வீடு. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"மதியமே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா இன்னொரு கோடு போட்டிருப்பீங்க."

"இப்ப சொல்லுங்க. என்ன குறை?"

நனைந்த கூட்டம் அவரைத் தாண்டிப் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மை அவர்களைப் பார்த்தபடி சொன்னார்:

"போக்குவரத்துன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. போக்கு நல்லாத்தான் இருக்கு. வரத்து எங்கே?"