ஆள் வைத்துத் தூங்கிய மாப்பிள்ளை

இந்தக் கதையை முதன்முதலில் சொன்னவர், பள்ளிக்கூடத்தில் மணியடித்துக்கொண்டிருந்த அந்தோணிக்கண்ணு. ஒருநாளும் மணி பிசகாதவர் என்பதால் கதையிலும் பிசகு இராது என்று கொள்ளலாம்.

புளிச்சங்குழியில் குப்பாண்டி என்றொரு வாலிபன் இருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். அந்த நேரம் பார்த்துத்தான் சோளக்காட்டில் கதிர் முற்றியது. பன்றி விரட்ட இரவெல்லாம் பரண்மேல் காவல். பகலெல்லாம் கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பு. தூக்கம் என்பதே மறந்துபோய், கண்கள் செம்பருத்தியாகச் சிவந்து, நடை தள்ளாடியது. கடைத்தெருவில் ஒருநாள் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, சௌக்கியமா?" என்று நலம் விசாரித்தான். மாமனாராக வரவிருந்த தவசியப்பன் அந்தக் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"குடிகாரனுக்கா எம் மக பேச்சியக் குடுக்கப் போறேன்? முகூர்த்தத்தன்னைக்கு மணவறையில வந்து பாப்பேன். கண்ணு சிவந்திருந்துச்சோ, மகளக் கூட்டிக்கிட்டு நடையக் கட்டிருவேன். நான் சொன்ன சொல் மாறாதவன்!"

பேச்சியின்மேல் குப்பாண்டி உயிரையே வைத்திருந்தான். கூட்டாளிகள் நால்வரும் அவனைக் கைத்தாங்கலாக வைத்தியரிடம் அழைத்துச் சென்றனர்.

வைத்தியர் நாடி பார்த்தார். "நோய் ஒன்றுமில்லை. தூக்கம் கெட்டால் கண் சிவக்கும், கால் பின்னும், புத்தி மழுங்கும்."

புத்தி மழுங்கும் என்றதும் நால்வரும் குப்பாண்டியை இரக்கத்தோடு நோக்கினர்.

"எட்டு மணி நேரத் தூக்கம் பாக்கியிருக்கிறது. அதை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் வைத்தியர்.

புளிச்சங்குழியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தலையில் பெரிய வேலை விழுந்தால் மற்றவர்கள் கூடிச் செய்து முடிப்பார்கள். வேலைக்கு உடையவன் பக்கத்திலேயே நின்று கூழ் ஊற்ற வேண்டும். பின்னொரு நாள் அதே அளவு வேலையை அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். களையெடுப்பும் கூரை வேய்தலும் அப்படித்தான் நடந்துவந்தன. ஆகவே, நால்வரும் வேப்பமரத்தடியில் கூடி ஆலோசித்தார்கள்.

"எட்டு மணி நேரத்த ஒத்தையாளா எப்படிடா தூங்குவான், பாவம்?" என்றான் மூத்தவனான சோணை. "ஆளுக்கு ரெண்டு மணி நேரம். நாலு பேரும் ஒண்ணாப் படுத்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"கொறட்டை விடலாமா?" என்று கேட்டான் வீரணன்.

"விட்டா வேலை சீக்கிரம் முடியும். தாராளமா விடு."

"கனவு வந்தா?"

இது சிக்கலான கேள்வி.

"தூக்கம் அவனோடதுன்னா கனவும் அவனுக்குத்தானே சேரும்?" என்றான் சோணை.

"நல்லா இருக்கே நியாயம்! கனவுல பேச்சி வந்துட்டா நான் என்னடா செய்ய?"

"கண்ண மூடிக்க" என்று தீர்ப்பளித்தான் சோணை.

நால்வரும் வரிசையாகப் படுத்தார்கள். குப்பாண்டி ஒரு கையில் விசிறியும் மறு கையில் இரவல் கடிகாரமுமாகக் காவல் நின்றான். இமை சொருகியபோதெல்லாம் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். வேலைக்கு உடையவன் கண்ணயர்ந்தால் வேலையாட்கள் ஏய்த்துவிடுவார்கள் அல்லவா? இடையில் கொசு கடித்து வீரணன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏலே, கூழு மட்டும் ரெண்டு செம்பு குடிச்சேல்ல? ஒழுங்காத் தூங்குடா!" என்று அதட்டினான் குப்பாண்டி.

வேலை முடிந்தது. நால்வரும் சோம்பல் முறித்து எழுந்தனர்.

"இப்ப உடம்பு எப்படியிருக்கு?" என்றான் சோணை.

"கண்ணு எரியுது. தல சுத்துது. செத்த நேரம் படுத்துக்கவா?"

"முடிஞ்ச வேலைய மறுபடியும் செய்வியா? அறுத்த வயலுக்குள்ள அருவாளோட எறங்குவியாடா?"

அதிலிருந்த நியாயம் குப்பாண்டிக்கு விளங்கியது. மறுபேச்சின்றிப் பரணுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு முகூர்த்தம். மேளம் முழங்கியது. தவசியப்பன் மீசையை முறுக்கியபடி மணவறையை நெருங்கினார். வழியில் நால்வரும் அவரை மறித்துக்கொண்டு கண்களை அகல விரித்தனர்.

"மாப்பிள்ளையோட தூக்கத்தத் தூங்கின கண்ணு இதுதான். நல்லாப் பாத்துக்கிடுங்க!"

"வெலகுங்கடா!" என்று அவர்களைத் தள்ளிவிட்டு மணவறையை எட்டிப் பார்த்தார். குப்பாண்டி மணைமேல் அமர்ந்தபடியே பேச்சியின் தோளில் சாய்ந்து ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். தவசியப்பன் குனிந்து ஒரு கண்ணைப் பார்த்தார். பிறகு மற்றொரு கண்ணைப் பார்த்தார்.

"கண்ணு சிவக்கலையே!"

"அப்பா, கண்ணு மூடியிருக்கு" என்றாள் பேச்சி.

"மூடியிருந்தா என்ன, தொறந்திருந்தா என்ன? சிவந்திருக்கா, இல்லையா? நான் சொன்ன சொல் மாறமாட்டேன். கொட்டுங்கடா மேளத்த!"

நால்வரும் குப்பாண்டியின் விரல்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தாலிக்கு முடிச்சுப் போட வைத்தார்கள். கெட்டிமேளத்துக்கும் அவன் அசையவில்லை. பந்தி முடிந்து, பந்தலும் பிரித்தாயிற்று. மாலை நான்கு மணிக்குத்தான் விழித்தான். கண் பளிச்சென்று இருந்தது.

"அப்பாடா! எவ்வளவு நாளாச்சு, இப்படித் தூங்கி!" என்றான் குப்பாண்டி.

"நீ எங்கடா தூங்கினே?" என்றான் சோணை. "இது எங்களுக்குத் திருப்பிச் செஞ்சது."

குப்பாண்டி திகைத்தான். "அப்ப என் தூக்கம்?"

"அதத்தான் அன்னைக்கே நாங்க தூங்கிட்டோமே!"

குப்பாண்டி நன்றியோடு நால்வரையும் கையெடுத்துக் கும்பிட்டான். தவசியப்பன் நடுவில் நின்று, சபையறியக் கணக்கை முடித்துவைத்தார்: மாப்பிள்ளை திருப்பிக் கொடுத்தது, எட்டு மணி நேரத் தூக்கம், குறட்டை உட்பட.